மழை வந்ததாகக் கொள்ளப்படும்

பூமி சூரியனைச் சுற்றுவதால்தான் பருவங்கள் மாறுகின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாவம், பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பூமிக்கு ஒரு கையெழுத்துப் போடத் தெரியுமா? ஒரு முத்திரை உண்டா? வருகைப் பதிவேடாவது உண்டா? பருவங்களை உண்மையில் மாற்றுவது, நகரத்தின் நடுவே ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் பழுதானாலும் தளராமல் இயங்கிவரும் 'பருவ வர்ணனைத் துறை'. மனிதகுலம் இதை இன்னும் சரிவர உணரவில்லை. உணர்ந்திருந்தால் அந்த லிஃப்டையாவது சரிசெய்து கொடுத்திருக்கும்.

அந்தத் துறையின் உயிர்நாடி முதுநிலைப் பருவக் கவிஞர். பத்தொன்பது ஆண்டுப் பணி. ஆண்டுக்கு நான்கு பருவம், பருவத்துக்கு ஒரு கவிதை என்று எழுபத்தாறு கவிதைகள் எழுதியிருந்தார். அத்தனை கவிதைகளிலும் மாடுகள் மேய்ந்தன. ஒரு மாடுகூடச் சாணி போட்டதில்லை. அவ்வளவு சுத்தமான கவிஞர்.

அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே நகரத்து அடுக்குமாடியில். வயலை நெருங்கிப் பார்த்தது ஒரே ஒரு முறை, அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போனபோது. அப்போதும் செருப்பில் சேறு ஒட்டும் என்று காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருந்தபடியே, 'சேறே, நீ மண்ணின் சந்தனமோ' என்று ஒரு வரி எழுதிக்கொண்டார். அனுபவம் குறுக்கே வராத கவிதைக்கு ஒரு தனி வழுவழுப்பு உண்டு.

அவருடைய அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. பழைய கவிதைகளை வைக்க இரும்பு பீரோக்கள் வந்தபோது அவை ஜன்னலை மறைத்துக்கொண்டன. யாரும் வருந்தவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே இயற்கையைப் பற்றி எழுதுவது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவதற்குச் சமம் என்பது இயக்குநரின் கொள்கை. ஜன்னல் எதற்கு? மேஜைமேல் 'அனுமதிக்கப்பட்ட இயற்கைப் பொருள்கள்' என்ற பதிவேடு இருக்கிறதே. அதில் குயிலுக்கு அனுமதி உண்டு. கிளி பரிசீலனையில் இருந்தது. காகம் 'போதிய மென்மை இல்லாமையால்' நிராகரிக்கப்பட்டுவிட்டது. பசு வரலாம், கன்றோடு வரவேண்டும். உழவர் வரலாம், சிரித்துக்கொண்டு வரவேண்டும். எருமையை ஒரு முறை கவிஞர் கவனக்குறைவாக நுழைத்துவிட்டு, மூன்று நாளுக்குள் விளக்கம் எழுதிக் கொடுத்தார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துறைக்குக் களப் பார்வையாளர்கள் என்று சிலர் இருந்தார்கள். ஜீப்பில் ஊர் ஊராகப் போய், எவ்வளவு மழை பெய்தது, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று அறிக்கை எழுதுவார்கள். ஜீப் பழுதானது. அது சரியாகும்வரை, அறிக்கைக்குப் பதிலாகக் கவிதையையே வைத்துக்கொள்வது என்று ஒரு 'தற்காலிக ஏற்பாடு' செய்யப்பட்டது. ஜீப் இன்னும் கொட்டகையில் ஓய்வெடுக்கிறது. ஏற்பாடு மட்டும் நன்றாக ஓடுகிறது. சுற்றறிக்கையும் உண்டு: 'பருவக் கவிதை வெளியிடப்பட்ட நாள்முதல் அப்பருவம் வந்ததாகக் கொள்ளப்படும்.'

இந்த ஆண்டு மழைக் கவிதையின் பெயர் 'கொட்டுது வானம்'. அச்சுக்கு நாளாகும் என்பதால் ஆறு மாதம் முன்னதாகவே எழுதப்பட்டது. அதன் மூன்றாம் பத்தி துறையையே சொக்கவைத்தது.

*கொட்டுது கொட்டுது வான்மழை – எங்கள்*
*கிணறும் நிரம்பி வழியுது!*
*எட்டிய தூரம் பசுமையே – கண்டு*
*ஏரும் குலுங்கிச் சிரிக்குது!*

"ஏரு எப்படிங்க சிரிக்கும்?" என்று கவிஞரின் மனைவி கேட்டாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் கேட்டுத்தான் ஒத்துக்கொள்வாள்.

"பதிவேட்டுல இருக்கு. நாலாம் பக்கம். ஏர் சிரிக்கலாம், மண்வெட்டி புன்னகை மட்டும்" என்றார் கவிஞர்.

வெளியீட்டு விழா அன்று வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கலையரங்கத்துக்குள்ளே இயக்குநர் குடை பிடித்தபடி மேடை ஏறி, "மழை தொடங்கிவிட்டது!" என்று அறிவித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டார். விசுவாசம் என்றால் அதுவல்லவா விசுவாசம்!

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலை, கவிஞர் அடுத்த பருவத்துக்கான பனித்துளியை எந்த இலையில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"தம்பி, வேலையா இருக்கியா?"

"பனித்துளி வச்சுட்டு இருக்கேன். சொல்லுக்கா."

"அப்படியே எங்களுக்கும் ரெண்டு சொட்டு வையேன். இங்க மழை பேஞ்சு பத்து மாசமாச்சு."

"பத்து மாசமா? ரெண்டு மாசம் முன்னாடிதானே தொடங்குச்சு?"

"எங்க?"

கலையரங்கத்தில் என்று சொல்லலாமா என்று கவிஞர் யோசித்தார்.

அக்கா விவரம் சொன்னாள். ஊரில் நாற்பத்திரண்டு வீடு. எல்லாருக்கும் ஒரே பொதுக் கிணறு. அது வற்றிவிட்டது. மாடுகளையெல்லாம் வேறு ஊருக்கு ஓட்டிவிட்டார்கள். தண்ணீர் லாரி அனுப்பச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறது. அதற்குத் தண்ணீர் வழங்கும் அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது.

"படிக்கிறேன் கேளு. 'தாங்கள் குறிப்பிடும் வறட்சி, பருவ வர்ணனைத் துறையின் கொட்டுது வானம் என்னும் ஆவணத்தின் மூன்றாம் பத்தியோடு முரண்படுகிறது. எனவே தாங்கள் நிரம்பி வழியும் தங்கள் கிணற்றிலிருந்தே நீர் எடுத்துக்கொள்ளுமாறும், வழியும் நீரை வீணாக்காதிருக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' இது நீ எழுதின பாட்டுதானேடா?"

"அ... ஆமாக்கா."

"அந்தப் பாட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கேன், கூடத்துல. உங்க அத்தான் தினமும் அதையே பாத்துட்டு இருக்காரு. பாத்துட்டே இருக்காரு."

"அக்கா..."

"இன்னும் பத்து நாள் பாப்போம்னு ஊர்ல முடிவு பண்ணியிருக்காங்க. அதுக்குள்ள லாரி வரலைன்னா வீட்டைப் பூட்டிட்டு ஆளுக்கொரு பக்கம் போக வேண்டியதுதான். நீ துறையிலதானே இருக்க? ஒரு வார்த்தை சொல்லேன் தம்பி."

பத்தொன்பது ஆண்டுகளில் கவிஞருடைய கவிதையை ஒருவர் முழுதாகப் படித்து, அதன்படி நடந்திருப்பதாக இன்றுதான் கேள்விப்படுகிறார். எந்தக் கவிஞனுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? ஆனால் மகிழ்ச்சி வரவில்லை, வெட்கம்தான் வந்தது. நேரே கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினார்.

கண்காணிப்பாளர் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். விதிப்புத்தகம் தொலைந்துபோன ஆண்டில் துறை அவரை வைத்தே நடந்தது.

"சார், ஒரு கவிதையை ரத்து பண்ணணும்."

"காரணம்?"

"அதுல இருக்கறது பொய் சார்."

"கவிதைக்குப் பொய்யழகு. அது குறை இல்லையே, தகுதி."

"அப்ப அந்தப் பொய்யை வச்சு லாரியை மறுக்கலாமா சார்?"

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இவ்வளவு வருஷம் சர்வீஸ் போட்டவர். இது தெரியலையா? எழுதற வரைக்கும் அது கவிதை. முத்திரை விழுந்துட்டா ஆவணம். ஆவணத்துல பொய் கிடையாது."

"வேற வழியே இல்லையா சார்?"

"உண்டு. முள்ளை முள்ளாலதான் எடுக்கணும். கவிதையைக் கவிதையாலதான் மாத்த முடியும். வறட்சின்னு ஒண்ணு எழுதிக் கொடுங்க. குழுக் கூட்டம் வியாழக்கிழமை."

அன்று மாலை கவிஞர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வறட்சியை எழுத முயன்றார். பதிவேட்டில் வறட்சி இல்லை. 'வ' வரிசையில் வசந்தம், வண்ணத்துப்பூச்சி, வரப்பு; அத்தோடு சரி. வேறு வழி தெரியாமல் அக்காவுக்கே போன் செய்தார்.

"அக்கா, வறட்சின்னா எப்படி இருக்கும்?"

"இதென்னடா கேள்வி? வாளியை விட்டா டங்குனு சத்தம் வருது. கயிறு நனையாம மேல வருது. சுருட்டி ஆணியில மாட்டிட்டு வந்துடறேன். அவ்வளவுதான்."

அவ்வளவையும் அவர் அப்படியே எழுதினார்.

*வாளி விட்டேன்.*
*கிணறு டங்கென்றது.*
*கயிறு நனையாமல் மேலே வந்தது.*
*சுருட்டி ஆணியில் மாட்டினேன்.*
*நாளைக்கும் விட்டுப் பார்ப்பேன்.*

கடைசி வரியை அக்கா சொல்லவில்லை. ஆனால் அக்கா அதைத்தான் செய்வாள் என்று அவருக்குத் தெரியும். மனைவி படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"இதுல ஒண்ணுமே சிரிக்கலையேங்க" என்றாள் மெதுவாக.

வியாழக்கிழமை குழு கூடியது. இயக்குநர் தலைமை தாங்கினார். கண்காணிப்பாளர் குறிப்பெடுத்தார். ஓசைநய ஆலோசகரான பேராசிரியர் ஒருவர், மேஜையில் விரலால் தாளம் போடத் தயாராக உட்கார்ந்திருந்தார். கவிஞர் ஐந்து வரியையும் வாசித்தார். பேராசிரியரின் விரல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

பிறகு இயக்குநர் மணியை அடித்து, கரகரத்த குரலில் தண்ணீர் கேட்டார். ஒரே மூச்சில் மூன்று டம்ளர் குடித்தார். பேராசிரியர் கூஜாவையே தூக்கிக் கவிழ்த்துக்கொண்டார். கண்காணிப்பாளர் விதிப்படி தன் முறை வரும்வரை காத்திருந்ததால் அவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

"என்ன கற்பனை! என்ன கற்பனை!" என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கற்பனை இல்ல சார். எங்க அக்கா ஊர்ல நடக்கறது."

"பாத்தீங்களா? அக்காவையும் கற்பனை பண்ணிட்டார்!"

"இல்ல சார், நிஜ அக்கா. போன்ல சொன்னாங்க."

"போன் வேறயா!" என்றார் பேராசிரியர். "நவீன உத்தி."

"சார், அங்க நிஜமாவே மழை இல்ல. கிணறு வத்திப்போச்சு."

இயக்குநர் அவர் தோளில் அன்போடு கை வைத்தார். "கவிஞரே, உங்க உணர்ச்சி புரியுது. ஆனா ஆவணப்படி இப்ப நாடு முழுக்க மழை. மழை பெய்யும்போதே இப்படி ஒரு தாகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினீங்க பாருங்க, அதான் திறமை. பக்கத்துல மழை இருந்தும் எனக்குத் தொண்டை காஞ்சுபோச்சே!"

முடிவு ஒருமனதாக நிறைவேறியது. 'கொட்டுது வானம்' ஆவணமாகவே தொடரும். 'வாளி விட்டேன்' கற்பனைப் பிரிவில் சேர்க்கப்பட்டு, ஆண்டின் சிறந்த கற்பனைக்கான கேடயம் பெறும். பார்த்ததை எழுதினால் கற்பனை, பார்க்காததை எழுதினால் ஆவணம் என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்துக்காட்டிய துறை உலகில் வேறு எங்கே இருக்கிறது?

கவிஞர் கேடயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா சொன்ன பத்து நாளில் நான்கு நாள்தான் மீதி.

"கேடயத்துல தண்ணி பிடிக்கலாமா?" என்று கேட்டாள் மனைவி. கோபத்தில்தான் கேட்டாள். பிறகு அவளுக்கே பாவமாகிவிட்டது. "சரி, இங்க பாருங்க. நீங்க மழைன்னு எழுதினா மழை வந்துடுச்சுன்னுதானே உங்க ஆபீஸ்ல நம்பறாங்க?"

"ஆமா."

"அப்ப லாரின்னு எழுதுங்களேன்!"

கவிஞர் எழுந்து நின்றுவிட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் இப்படி ஒரு வெளிச்சம் அவருக்கு அடித்ததில்லை. லாரி பருவம் அல்ல, 'கிராமிய வாழ்க்கை'ப் பிரிவு. கிராமிய வாழ்க்கைக்குக் குழு தேவையில்லை, கண்காணிப்பாளர் முத்திரை போதும். லாரி போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆவணம் சொன்னால், அது பொய்யாகாமலிருக்க அரசாங்கம் லாரியை அனுப்பித்தானே தீரவேண்டும்? கணவனும் மனைவியும் கூடத்தில் கைகோத்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கீழ்வீட்டுக்காரர் விட்டத்தைத் தட்டிச் சத்தம் போட்டார். அதையே தாளமாக வைத்துக்கொண்டு கவிஞர் அங்கேயே எழுதினார்.

*வந்தது வந்தது லாரி – நீர்*
*வழிய வழிய வந்தது!*
*சொந்த பந்தம் கூடியே – ஊர்*
*சொட்டச் சொட்ட நனைந்தது!*

சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று ஊரின் பெயர், வீட்டு எண்ணிக்கை, வந்துசேர்ந்த நேரம் காலை பத்து மணி, லாரியின் நம்பர் எல்லாவற்றையும் சந்தம் கெடாமல் அடுத்தடுத்த பத்திகளில் அடைத்தார். லாரி நம்பருக்கு எதுகை கிடைக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டார்.

மறுநாள் கண்காணிப்பாளர் படித்துப் பார்த்தார். "இது நடந்ததா?"

"முத்திரை போட்டா நடந்துடும் சார்."

"நியாயம்" என்று சொல்லிக் கண்காணிப்பாளர் முத்திரையைப் போட்டார். அதற்கு அடுத்த நாள் காலையிலேயே கவிதை எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச்சேர்ந்தது. கவிஞர் அக்காவுக்குப் போன் செய்து, "இன்னைக்குப் பத்து மணிக்கு லாரி வரும்க்கா, எல்லாரையும் தயாரா இருக்கச் சொல்லு" என்றார்.

"நிஜமாவாடா?" என்றாள் அக்கா. "நீ நல்லா இருக்கணும்டா. உங்க அத்தான்கிட்ட சொல்றேன். ஊருக்கே சொல்றேன்."

பத்தரை மணிக்குக் கவிஞருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் வழங்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"சார், லாரி கிளம்பிடுச்சா?"

"கிளம்பறதா?" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. "அதான் போய்ச் சேர்ந்துடுச்சே! கவிதை பாத்தோம் சார். பிரமாதம். 'சொட்டச் சொட்ட நனைந்தது'ன்னு போட்டிருக்கீங்களே, எங்க செக்ஷனே ஆடிப்போச்சு."

"இல்ல சார், அது... இனிமேதான் போகணும்."

"என்ன சார் விளையாடறீங்க? ஆவணத்துல பத்து மணின்னு இருக்கு. மனுவை 'நீர் வழங்கப்பட்டது'ன்னு எழுதி முடிச்சாச்சு."

"அந்த நம்பர் லாரி இப்ப எங்க இருக்கு?"

"இங்கதான், ஷெட்டுல. அவ்வளவு தூரம் போயிட்டு வந்த வண்டி, ஓய்வு வேணாமா? டிரைவரும் அலுப்பா இருக்குன்னு லீவு சொல்லிட்டார்."

கவிஞர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் நாற்பத்திரண்டு வீட்டுக் குடங்களும் தெருவில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். அக்காதான் வரிசையைச் சரிசெய்துகொண்டிருப்பாள். தம்பி சொன்னான் என்று எல்லாரிடமும் சொல்லியிருப்பாள். அவர் அக்காவை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. அன்று முழுக்க எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. இயக்குநரிடம் போய் அழாத குறையாகச் சொன்னார். "ரெண்டாவது லாரியா? ஒரே ஊருக்கு அடுத்தடுத்து ரெண்டு லாரின்னா மத்த ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா?" என்று இயக்குநர் நியாயமாகவே கேட்டார்.

ஒரு வாரம் கழித்து ஆய்வுக் கூட்டம் நடந்தது. குறிப்பிட்ட அந்த ஊரிலிருந்து அதற்குப்பின் ஒரு மனுகூட வரவில்லை என்று கண்காணிப்பாளர் அறிக்கை வாசித்தார். நாற்பத்திரண்டு வீட்டிலிருந்தும் ஒரு குறை, ஒரு புகார், ஒரு முணுமுணுப்பு இல்லை. ஒரே கவிதையில் ஓர் ஊரின் குறைகள் அத்தனையும் தீர்ந்தது துறையின் வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை. எல்லாரும் எழுந்து நின்று பாராட்டினார்கள். கவிஞர் அந்த இடத்திலேயே 'தலைமைப் பருவக் கவிஞர்' ஆனார். அவருடைய முதல் பணியாக, 'அமைதி தவழும் கிராமம்' என்ற தலைப்பும் ஒப்படைக்கப்பட்டது.

பதவி உயர்வு ஆணையோடு கவிஞர் மாலையில் வீட்டுக்கு வந்தார். வாசலில் பழக்கமில்லாத மூன்று ஜோடிச் செருப்பு. கூடத்தில் மூட்டைமுடிச்சுகள். அத்தான் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்து, மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். அக்காவின் மகள் மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

அக்கா சமையலறைக் குழாய்க்கு முன்னால் நின்றிருந்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் திறந்தாள். மறுபடியும் வந்தது. கையை நீட்டி, விரல்கள்மேல் அது விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றார் கவிஞர்.

அவள் திரும்பவில்லை.

"தம்பி, இந்தக் குழாயைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கியா?"

"இல்லக்கா."

"அதான் தண்ணி வருது."